மூன்று முறை முகர்ந்த பசு

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த அடுத்த பெருங்காரியம், சோளத்தட்டையிலிருந்து எரிபொருள் எடுத்ததுதான். இடையில் நடந்ததெல்லாம் சில்லறை வேலை. அப்பேர்ப்பட்ட ஆலை எங்கள் ஊருக்கு வெளியே எழும்பியதும், அதில் 'கழிவு ஆய்வாளர்' பதவி கோடிவீட்டு மாப்பிள்ளைக்கே கிடைத்ததும் எங்கள் தெரு கொடுத்துவைத்தது.

பதவி தற்காலிகம்தான். ஆறு மாதத்தில் நிரந்தரமாகும் என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி மாப்பிள்ளையின் மனைவி வாடகை வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டாள். திரையைப் பார்க்கப் போனவர்களிடமெல்லாம் 'நிரந்தரம்' என்றே சொல்லியும் விட்டாள். இனி மாப்பிள்ளை பின்வாங்க முடியாது.

ஆலையின் பொருளாதாரம் அப்பழுக்கற்றது. கழிவுக்கு விலை கிடையாது. ஆகவே மூலப்பொருள் இலவசம். தட்டையை ஏற்றிவர லாரி நூறு லிட்டர் டீசல் குடிக்கும். அந்தத் தட்டை எழுபது லிட்டர் எரிபொருள் கொடுக்கும். மீதி முப்பது லிட்டருக்குத் 'தொலைநோக்கு' என்று பெயர்.

தட்டை கழிவுதான் என்று நிரூபிப்பதில்தான் இடைஞ்சல். தலைமை அலுவலகத்தின் விதி தெளிவாக இருந்தது: 'பசு மூன்று முறை முகர்ந்தும் தின்னாதது எதுவோ, அது கழிவு. தின்றால் அது தீவனம்.'

ஊர் மாடுகளோ நாட்டு வளர்ச்சியில் கொஞ்சமும் அக்கறை இல்லாதவை. வைத்த தட்டையையெல்லாம் மென்று தள்ளின. கடைசியில் மாப்பிள்ளை தன் மாமியார் வீட்டுப் பசுவையே 'முகர்வு அலுவலராக' நியமித்தார். அது முதல் நாள் தட்டையோடு படிவத்தையும் சேர்த்துத் தின்றது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மாப்பிள்ளை போய், இரண்டு வாளி தவிடும் புண்ணாக்கும் வைத்தார். பத்து மணிக்கு, மேலாளர் முன்னிலையில், பசு தட்டையை மூன்று முறை முகர்ந்தது, ஏப்பம் விட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேலாளர் கைதட்டினார். அந்த ஒரு ஏப்பத்தில் ஊர்த் தட்டை முழுவதும் கழிவாகிவிட்டது. கழிவை வீட்டில் வைத்திருப்பது விதிமீறல் என்று நோட்டீசும் வந்தது. மூன்றே வாரத்தில் ஒரு துரும்பு மிச்சமில்லை.

மாட்டுக்கு இனி என்ன போடுவது என்று ஊரே மாமியாரைப் பிடித்துக்கொண்டது. அவர் மாட்டுக்கே போட ஒன்றுமில்லை. ஆலை இதற்கும் வழி வைத்திருந்தது. எரிபொருள் எடுத்த பிறகு தங்கும் கறுப்புச் சக்கையை மூட்டைகட்டி, 'ஊட்டத் தீவனம்' என்று அதே ஊருக்கு விற்பது. அதை விற்றால்தான் அந்தத் தொலைநோக்கின் நஷ்டம் அடைபடும். விற்க, பசு தின்றதாக ஒரு சான்று வேண்டும்.

"நீங்க கையெழுத்துப் போடுங்க சார், மறுநாளே நிரந்தர உத்தரவு உங்க கையில" என்றார் மேலாளர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமியார் வீட்டு விருந்து முடிந்த கையோடு, மாப்பிள்ளை ஒரு கூடைச் சக்கையைப் பசுவின் முன்னால் வைத்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்த அந்தப் பசு ஒரு முறை முகர்ந்தது. இரண்டு. மூன்று. பிறகு கூடையை விட்டுவிட்டுத் தன்னைக் கட்டியிருந்த கயிற்றை மெல்லத் தொடங்கியது.

"இன்னொரு தடவை மோந்து பாக்கட்டுமே அத்தை."

"விதியில மூணு தடவைதானே மாப்பிள்ளை?"

படிவத்தில் 'தின்றது', 'தின்னவில்லை' என்று இரண்டு கட்டங்கள். பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது. மாமியார் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு வயிறு முட்டத் தின்னுட்டு உங்களுக்காக ஒரு பொய் சொன்னா. இன்னைக்குப் பட்டினி, உண்மையைச் சொல்லிட்டா. நீங்க என்ன எழுதப் போறீங்க?"

'விரும்பித் தின்றது' என்று மாப்பிள்ளை முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். அவர் மேல் பிழை சொல்வதற்கில்லை. அப்போதுதான் அவர் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்திருந்தார்.