குண்டு சுற்றினால் வெள்ளைக் கேப்

காலை ஏழு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிட்டது. பல் டாக்டரிடம் அல்ல. அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டமெல்லாம் எதிர் மாடியில், குண்டு ஐயாவிடம். சொத்தை விழுந்த பால் பல்லுக்கு மேல் எந்தக் கேப், அதாவது உறை, மாட்டலாம் என்று, நூலில் கட்டிய பித்தளைக் குண்டைப் பிள்ளையின் கன்னத்துக்கு நேரே தொங்கவிட்டுச் சொல்லிவிடுவார். குண்டு சுற்றினால் வெள்ளைக் கேப். முன்னும் பின்னும் ஆடினால் ஸ்டீல் கேப். குறுக்கே ஆடினால், "நேரம் சரியில்ல, காணிக்கை வச்சுட்டு அடுத்த வாரம் வாங்க." பட்டம் வாங்கியவர்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூன்று வாரமாகக் குறுக்கேதான் ஆடியது. கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிவிட்டது. பால்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. நாலாவது வாரம் அம்மாவோடு அவளைத் தூக்கி வந்தவர் தாய்மாமன், கொத்தனார்.

"கடவாப்பல்லுக்கு ஸ்டீல் கேப் போதும், உடனே வாங்கன்னு எதிர்த்த டாக்டர் மூணு வாரம் முன்னாடியே சொன்னாராமேக்கா?"

"சும்மா இருடா, ஐயா காதுல விழுந்துடப் போகுது!" என்றாள் அம்மா.

ஐயா குண்டை எடுத்தார். மாமன் உற்றுப் பார்த்தார்.

"அட, இது தூக்குக்குண்டு! சுவரு நேரா இருக்கான்னு பாக்க நான் தினமும் தொங்கவிடறது."

"இது ஞானக் குண்டு."

"சரிங்கய்யா. ஞானம் குண்டுலதானே இருக்கு? உங்க கை எதுக்கு வலிக்கணும்? இந்த ஜன்னல் கம்பியில கட்டிடுவோம்."

ஐயா வாய் திறப்பதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. சிறுமியைக் குண்டுக்கு நேரே உட்காரவைத்தார் மாமன். குண்டு லேசாக ஆடியது, நின்றது. நின்றது நின்றதுதான். இன்னும் ஆறு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஆறு வாயிலும் சொத்தை. குண்டு யாரையும் சட்டை செய்யவில்லை.

"கையை எடுத்ததும் ஞானமும் போயிடுச்சே?" என்றார் மாமன்.

"கம்பியில தோஷம்," என்று முனகினார் ஐயா.

"பாவி, என் புள்ளைய மூணு வாரம் துடிக்க விட்டுட்டேனே!" அம்மா பிள்ளையை வாரிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் வாய்க்குள் பார்த்தார். "மூணு வாரம் முன்னாடி நான் சொன்னப்பவே வந்திருந்தா கேப் போட்டுக் காப்பாத்தியிருக்கலாம்மா. இப்ப பல்லைப் பிடுங்கத்தான் வேணும்."

எதிர் மாடியில் வரிசை கலையவில்லை. கம்பியில் இருப்பது என்ன தோஷம் என்று தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறுமிக்காவது பத்து, பதினொரு வயதில் புதுப் பல் முளைத்துவிடும். உங்களுக்குத்தான் பிறக்கும்போதே மூளை இருக்கிறதே மகாஜனங்களே, அதை எப்போது வெளியே எடுப்பதாக உத்தேசம்?