சாட்சியாரின் காதுகள்

மெல்பேர்ணில் நடந்த தமிழ்க் கலியாணங்களில் பாதி, ஒரு மனிதரின் இரண்டு காதுகளை நம்பியே செல்லுபடியாகி இருக்கின்றன. அவருடைய சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் சாட்சியார்.

தாலி, அக்கினி, அம்மி எல்லாம் நமது திருப்திக்கு. இந்த நாட்டுச் சட்டத்துக்கு வேண்டியது வேறு. கலியாணம் பதிந்துவைக்க அரசாங்க அனுமதி பெற்ற செலிபிரண்ட் ஒருவர் முன்னால் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது தாண்டிய சாட்சிகள் இருவர் நேரில் நின்று அதைக் கேட்டுக் கையொப்பம் இடவேண்டும். இதில் 'கேட்டு' என்ற சொல்லைச் சாட்சியார் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

கலியாணம் வந்தால் நாமெல்லாம் சலூனுக்குப் போவோம். அவர் டாக்டரிடம் காது கழுவப் போவார். பிறகு கோட்டில் குத்த ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் ஒரு பூ வாங்குவார். ஒருமுறை மாப்பிள்ளை உறுதிமொழியின் நடுவே தும்மிவிட, "தம்பி, பொம்பிளையின்ர பேர் தும்மலோட போட்டுது, திருப்பிச் சொல்லும்" என்று மறித்தார்.

கையெழுத்தோடு அவர் வேலை முடியாது. அவர் சாட்சி நின்ற ஒரு சோடி ஸ்பிரிங்வேல் சந்தையில் பலாப்பழத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றதாம். இவர் பின்னால் போய், "தம்பி, நீர் அண்டைக்குச் சொன்னது இன்னும் என்ர காதில கிடக்கு" என்றாராம். அதன் பிறகு சண்டை போட நினைக்கும் சோடிகள் ஸ்பிரிங்வேல் பக்கமே வருவதில்லை.

என் மகளின் கலியாணத்துக்கு நான் அவரை அழைக்கவில்லை. சொந்தக்காரர் இருக்க வெளியாளைச் சாட்சிக்குக் கூப்பிடுவது மானக்கேடு என்று நினைத்தேன். இன்று எழுதும்போதும் கூசுகிறது.

மாப்பிள்ளை வீட்டார் தங்கள் சாட்சியை முதலே சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில், என் மனைவியின் தம்பியிடம் சாட்சிக்கு நிற்கும்படி நான் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தேன். என் அக்காவின் புருஷனிடமும் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தேன். இருவரும் பேனாவோடு வந்து நின்றார்கள்.

"பெடிச்சிக்குத் தாய்மாமன் நான் இருக்கேக்க ஆர் வைக்கிறது கையெழுத்து?" என்றார் மச்சான்.

"அவன் வைச்சால் நான் தாலிக்கு முன்னம் எழும்பிப் போறன். உன்ர அக்காவும் என்னோட வருவா" என்றார் அத்தான்.

மண்டபம் நிறையச் சனம். எவரைப் பிடித்தாலும் இன்னொருவர் கோபிப்பார். சட்டம் முன்பின் தெரியாத ஆளையும் ஏற்கிறது. நமது சனம் சொந்தக்காரரையே ஏற்காது. ஐயர் முகூர்த்தம் போகுது என்று கையைக் காட்டினார். அக்கா கைப்பையை எடுத்துவிட்டாள். மணவறையில் மகளின் கண் கலங்கியது.

"அப்பா, ப்ளீஸ், சாட்சியார் அங்கிளைக் கூப்பிடுங்கோ. அவருக்குத்தான் இங்க ஒருத்தரும் சொந்தமில்லை."

கூசிக்கொண்டே போன் எடுத்தேன். ஐயர் அடுத்த மந்திரத்தை முடிப்பதற்குள் சாட்சியார் வாசலில் நின்றார்: கோட், டை, பூ.

"எப்பிடி இவ்வளவு கெதியா?"

"உங்கட வீட்டுக் கலியாணம் எண்டு தெரியும். கோட்டும் போட்டு வெளிக்கிட்டு, பக்கத்துத் தெருவில வீட்டிலதான் இருந்தனான். சில நேரம் தேவைப்படும் எல்லே?"

அத்தானும் மச்சானும் பேனாக்களைச் சட்டைப்பைக்குள் போட்டார்கள். அவரோடு யார் கோபிப்பது?

தாலி ஏறியது. செலிபிரண்ட் அம்மா ஒலிவாங்கியை நீட்ட, மகள் உறுதிமொழியைத் தொடங்கினாள். நல்ல வார்த்தை காதில் விழுந்தால் மேளக்காரருக்குக் கை சும்மா இருக்காது. கெட்டிமேளம் கிளம்பியது. நமது வழக்கத்தில் மேளம் எல்லாச் சத்தத்தையும் விழுங்க வேண்டும். சட்டத்தில் சாட்சிக்குக் கேட்க வேண்டும்.

சாட்சியார் எழுந்து போய்த் தவில் தோலின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கேட்கேல்ல பிள்ளை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

மண்டபம் அடங்கியது. இங்கே இருப்பவர்கள் சாட்சியாக இவரை என் கணவராக ஏற்கிறேன் என்று என் மகள் நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். அத்தானும் மச்சானும் ஒரே கைக்குட்டையில் கண் துடைத்தார்கள். அவர் இல்லாவிட்டால் என் மகளின் அந்தச் சொல் எனக்கும் கேட்டிராது.

போன மாதம் அவரே போன் எடுத்தார். "அண்ணை, ஞாயிறு பூங்காவில ஒரு கலியாணம். சாட்சிக்கு ஒராள் குறையுது. வாறியளே?"

"ஓம், வாறன். ஆற்ற கலியாணம்?"

"என்ரதான்."

பெண், ஸ்பிரிங்வேலில் பூக்கடை வைத்திருக்கும் வியட்நாமிய அம்மா. இத்தனை கலியாணங்களுக்கும் சாட்சியார் அவரிடம்தான் பூ வாங்கியிருக்கிறார். நாங்கள்தான் காதை மட்டும் கவனித்திருக்கிறோம்.

"உங்கட வீட்டுக் கலியாணத்துக்கு நான் அழைப்பில்லாமல் வந்தனான். நீங்கள் அழைப்போட வந்திருக்கிறியள்" என்று ஞாயிறு பூங்கா வாசலில் என் கையைப் பிடித்தார்.

ஊரையே உரத்துச் சொல்ல வைத்தவர், தன் முறை வந்தபோது நிலத்தைப் பார்த்து முணுமுணுத்தார். செலிபிரண்ட் என்னைப் பார்த்தார்.

"கேட்கேல்ல" என்றேன். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

தலையை நிமிர்த்தி, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, பூங்கா முழுக்கக் கேட்கச் சொன்னார்.

முதல் தரமே எனக்கு வடிவாகக் கேட்டிருந்தது.