இரண்டு அடி வாங்கிய நாணயம்

"என் நாணயத்தை எவன் தொட்டது?"

தையல்காரர் போட்ட சத்தத்தில் தையல் மெஷினிலிருந்த மனைவியின் கால் நின்றுவிட்டது. அவர் கையில் வட்டமான பிளாஸ்டிக் டப்பி. உள்ளே அவருடைய புரூஃப் நாணயம் களையிழந்து கிடந்தது. ஐந்து மணிக்கு நாணய வியாபாரி வருகிறார். இதைக் கொடுத்தால், பதினோரு வருடமாக அவர் தேடும், பறவை பொறித்த நாணயத்தைத் தருவதாகப் பேச்சு.

"நான்தான் மாமா. தூசியா இருந்துச்சு, கழுவினேன்" என்றான் மச்சினன்.

"கழுவினியா!"

"புரூஃப்னு நீங்கதானே சொன்னீங்க? என் வாட்ச்கூட வாட்டர் புரூஃப்தான்."

தையல்காரர் அளவு நாடாவை வீசி எறிந்தார்.

"அந்த புரூஃப் இல்லடா மடையா! அச்சைக் கண்ணாடி மாதிரி மெருகேத்தி, ஒரே நாணயத்தை ரெண்டு தரம் அழுத்தி அடிப்பான். வெறும் இடத்துல முகம் பாக்கலாம். உருவம் மட்டும் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா நிக்கும். உலோகத்துக்கா காசு? அந்த மினுக்குக்குடா! விரல் பட்டாலே பாதி விலை போச்சு!"

"கத்தாதீங்க. கறைதானே?" மனைவி நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை நீட்டினாள்.

ஊறவைத்தார். அழுக்கு போனது. அதுவரை தெரியாத கீறல்கள் வரிசையாகத் தெரிந்தன.

"எதால தேய்ச்ச?"

"பாத்திரம் தேய்க்கிற நாராலதான். லேசா."

தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். அந்த இடைவெளியில் மச்சினன் பற்பசை போட்டு ஒரு தேய் தேய்த்தான். திரும்பி வந்தபோது நாணயம் புதுக் கரண்டி போல மின்னியது.

"பாருங்க மாமா, பளபளன்னு ஆயிடுச்சு!"

"வீட்டை விட்டு வெளிய போடா!"

கதவைத் திறந்தார். வாசலில், கட்டடக் காவலாளி வழிகாட்ட, வியாபாரி நின்றிருந்தார்.

வியாபாரி பூதக்கண்ணாடியில் ஒருமுறைதான் பார்த்தார். "விளையாடுறீங்களா? இது ஒரே அடியில வந்த சாதா நாணயம். தேய்ச்சதால ஒண்ணும் மாறல. இது என்னைக்குமே புரூஃப் இல்ல."

"மாத்தி வச்சுட்டியாடா திருடா!" தையல்காரர் மச்சினன் சட்டையைப் பிடித்தார்.

"என் தம்பியையா திருடன்னு சொல்றீங்க?" மனைவி எழுந்துவிட்டாள்.

காவலாளி தொண்டையைச் செருமினார். "தம்பிய விடுங்க சார். போன வாரம் புரூஃப் ஒண்ணு, சாதா ஒண்ணுன்னு ரெண்டையும் கையில வச்சு எனக்கு வித்தியாசம் சொல்லிக் குடுத்துட்டு, 'இந்தா, சாதா நாணயத்தை நீ வச்சுக்க, டீ குடி'ன்னு குடுத்தீங்கல்ல... அதுல முகம் பாத்து மீசையைச் சரிபண்ணிட்டுத்தான் சார் டீக்கடைக்காரர் கல்லாவுல போட்டாரு."