ஓணானுக்காக மீன் வாங்கியவர்

பூனைக்கும் ஓணானுக்கும் ஒரே சமயத்தில் நல்லவராக இருக்கப் பார்த்த மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆழ்வார்பேட்டை ஃபிளாட்டில் தரைத்தளத்தில் குடியிருந்த தீவு மாமா. பூனைக்கும் அவரைப் புரியவில்லை, ஓணானுக்கும் புரியவில்லை. எதிர்வீட்டிலேயே இருந்த எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை எழுதுகிறேன்.

அந்தமான் பக்கம் ஏதோ ஒரு சின்னத் தீவில், அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதி ரிடையர் ஆனவர். தனி ஆள். எந்தப் பேச்சை எடுத்தாலும் தீவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். தக்காளி விலை ஏறிவிட்டது என்றால், "நாங்க இருந்த தீவுல தக்காளியே கிடையாது" என்பார். அவர் லிஃப்ட் வாசலில் நின்றால் பாதிப் பேர் மூட்டுவலியோடு படியேறிப் போவார்கள். நிஜப் பெயர் என்னவென்று கேட்டால் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

எங்கள் காம்பவுண்டில் ஓணான்கள் அதிகம். சுவரிலும் செம்பருத்திச் செடியிலும் மோட்டார் ரூம் கூரையிலும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாமா காலையில் காபி டம்ளரோடு எதிரில் நின்று பதிலுக்குத் தலையாட்டுவார். யார் முதலில் நிறுத்துவது என்று போட்டி. காபி ஆறிவிடும், மாமா தோற்றுப்போய் உள்ளே வருவார்.

தகராறு எலியில் ஆரம்பித்தது. மெயின் ரோட்டில் சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்டியபோது, பூமிக்குள் இருந்த பெருச்சாளிகள் எல்லாம் எங்கள் காம்பவுண்டுக்குக் குடிவந்துவிட்டன. அசோசியேஷன் கூட்டம் போட்டோம். எங்களுடையது சைவர்களுக்கு மட்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் கட்டடம். முட்டை கலந்த கேக் கேட்டோடு திரும்பிவிடும். விஷம் வைப்பது பாவம், அதிலும் பெருச்சாளி பிள்ளையார் வாகனம். கடைசியில் செகரட்டரி மாமி ஒரு வழி சொன்னார். பூனை வளர்க்கலாம், பூனை பிடித்தால் அது பூனையின் பாவம்.

மாமா எழுந்தார். "வேண்டாம். தீவுல இதே தப்பைத்தான் பண்ணினா. எலிக்குன்னு பூனையைக் கொண்டுவந்து விட்டா. அங்க இருந்த பல்லி, அரணையெல்லாம் பூனைன்னு ஒண்ணைப் பாத்ததே இல்லை. ஓடணும்னே தோணலை அதுகளுக்கு. உக்காந்து வேடிக்கை பாத்துண்டே இருந்துதுகள். ஒண்ணொண்ணா எல்லாம் போச்சு."

"மாமா, இது தீவு இல்லை, ஆழ்வார்பேட்டை" என்றார் செகரட்டரி மாமி.

"சுத்திப் பள்ளம் தோண்டி, தகரம் அடிச்சு வெச்சிருக்கா. ஒரு ஓணான் இங்கேருந்து வெளில போக முடியுமா? தீவு இல்லாம பின்ன என்ன?"

பதில் தெரியாவிட்டால் எங்கள் அசோசியேஷனில் ஓட்டெடுப்பு நடத்துவோம். பூனை ஜெயித்தது.

வந்த பூனைக்கு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தயிர்சாதம் போட்டோம். ஒரு வீட்டில் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய்கூட வைத்தார்கள். அது எலியைப் பிடிக்க வேண்டும், ஆனால் அசைவம் ஆகிவிடக் கூடாது என்பது எங்கள் எண்ணம். பெருச்சாளியோ பூனையைவிட ஒரு சுற்றுப் பெரிது. இரண்டும் ஒருநாள் குழாயடியில் நேருக்கு நேர் சந்தித்தன. பூனைதான் ஒதுங்கி வழிவிட்டது. அன்றிலிருந்து அது தயிர்சாதத்தை மோந்து பார்த்துவிட்டு நேரே செம்பருத்திப் பக்கம் போக ஆரம்பித்தது. கும்பலாக இருந்த ஓணான்கள் குறைந்து, சுவரில் ஒன்றிரண்டு தலைதான் ஆடிக்கொண்டிருந்தது.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று உலகம் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மாமா கட்டினார். மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய் நாட்டியச் சலங்கை மணி ஒன்று வாங்கிவந்து, கையெல்லாம் பிறாண்டல் பட்டுக் கட்டினார். பூனை கொஞ்ச நாள் ஜல் ஜல் என்று நடந்தது. பிறகு மணி அசையாமல் நடக்கப் பழகிக்கொண்டது.

"அதுக்குப் பசி" என்றார் மாமா என்னிடம். "தயிர்சாதம் போட்டா ஓணானைத்தான் திங்கும். வயிறு ரொம்பினா ஆத்துக்குள்ளயே படுத்துத் தூங்கும். மீன் வாங்கணும். நீங்களும் கூட வாங்கோ."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக நானும் போனேன். ஜென்மத்தில் மீன் வாங்கியிராத மனிதர். கடற்கரையோர மீன் கடையில் கூடைக்கு முன்னால் குந்தினார். ஒரு நெத்திலியை எடுத்தார். இளசா முற்றலா என்று பார்க்க அதன் வாலை ஒடித்தார்.

மீன்காரம்மா அவரையே பார்த்தாள். "இன்னா சாமி, இது வெண்டிக்காயா? ஒட்ச்சிப் பாத்துக்கினு கீற."

"கொஞ்சம் முத்தல் மாதிரி இருக்கே" என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவருடைய பின்பக்க பால்கனியில் தினமும் மீன் வெந்தது. வேகவைத்ததற்கு ஒரு குளியல், பூனை தின்றதற்கு ஒரு குளியல். வாசனையை மறைக்க சாம்பிராணி. பூனை தின்றுவிட்டு அவர் கட்டிலிலேயே தூங்கியது, ஓணான்கள் பிழைத்தன. ஆனால் மீனும் சாம்பிராணியும் கலந்த வாசனை மாடிவரை ஏறியது. முதலில் ஏதோ புதுவிதமான ஹோமம் என்றுதான் நினைத்தார்கள்.

கூட்டம் கூட்டினார்கள். மீன் வாசனையே வரவில்லை என்று நான் சொன்னேன். "சார் சொன்னா கரீட்டா இர்க்கும்" என்றார் வாட்ச்மேன். அவரும் எங்கள் கூட்டு. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. மாமாதான் காரியத்தைக் கெடுத்தார். "ஆமாம், மீன்தான்" என்றார்.

செகரட்டரி மாமிக்கு மனசு கஷ்டம்தான், குரல் இறங்கிவிட்டது. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே மாமா. மீனை நிறுத்துங்கோ. இல்லேன்னா ஓனர்ட்ட சொல்லும்படி ஆயிடும். பூனையை பீச்சுல கொண்டுபோய் விட்டுடலாமே?"

"அங்கயும் ஓணான் இருக்குமே" என்றார் மாமா.

மீனை நிறுத்தினால் ஓணான் போகும், நிறுத்தாவிட்டால் வீடு போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஓணானை விட்டுவிடுங்கள் என்று நானே சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் மாமா காலி செய்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே சின்ன போர்ஷன். பட்டறைக்காரர் காதர் பாய் வீட்டில் தினமும் மீன். சுற்றிலும் இரும்புத்தூள், ஒரு செடி கிடையாது, ஓணான் எப்படி வரும்? "பூனையை நாடு கடத்தணும்னா கூட ஒருத்தர் போகணுமோல்லியோ" என்று சொல்லி, கூடையில் பூனையை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை கேட்டில் நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. பூனை மடியில் குண்டாகப் படுத்திருந்தது. காதர் பாயின் மனைவி அதற்குத் தனியாக மீன் எடுத்து வைக்கிறாராம்.

"எல்லாரும் சௌக்கியமா?" என்றார் மாமா.

எங்களைக் கேட்கிறாரா, ஓணான்களைக் கேட்கிறாரா என்று எனக்குக் குழப்பம். "பெருச்சாளி அப்படியேதான் இருக்கு மாமா. செம்பருத்தியில குட்டி ஓணான் நிறைய வந்திருக்கு" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. எந்தக் கிளை, என்ன நிறம், பக்கத்தில் போனால் ஓடுகிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கு உங்களைத் தேடுகிறது மாமா என்று.