நீகார்டு என்ற பெயர்

"கல்லுல பேரை வெட்டியாச்சு வெர்னர். உங்க பெரியவர் எந்த வருஷம் வந்தாருன்னு சொன்னா முடிச்சுடுவேன்" என்றார் கல் செதுக்குகிறவர், தொலைபேசியில்.

வெர்னர் நீகார்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அந்தச் சின்ன ஊரை முதலில் உழுத குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கல் திறக்கிறார்கள். முதல் பெயரே அவருடைய கொள்ளுத்தாத்தா ஹால்வர் நீகார்டு. ஆனால் வருஷம் தெரியாது.

பெரியவரின் சொந்த நாடான நார்வேயின் ஆவணக் காப்பகத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டார். 'ஹால்வர் நீகார்டு என்று யாரும் இங்கிருந்து கப்பல் ஏறவில்லை. ஹால்வர் பெடர்சன் என்று ஒருவர் 1883இல் ஏறியிருக்கிறார்' என்று பதில் வந்தது.

"அவர்தான்! இங்க வந்து பேரை மாத்திக்கிட்டிருக்கார்" என்று தேவாலயத்தில் காப்பி குடிக்கும்போது பெருமையாகச் சொல்லிவிட்டார்.

பக்கத்துப் பண்ணை லாயிட் கோப்பையைக் கீழே வைத்தான். "பேரை மாத்தினாரா? எதுக்குப்பா? போலீஸ் தேடுச்சா?"

மதியத்துக்குள் ஊரே அதைப் பேசியது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன?" என்றாள் மனைவி ஆர்டிஸ்.

"ஆதாரத்தோட அவன் வாயை அடைக்கிறேன் பாரு!"

ஊரின் பழைய மக்கள்தொகைக் கணக்கு ஒன்றைத் தேடிப் பிடித்தார். 1885. நீகார்டு பண்ணை. ஹால்வர் பெடர்சன், கூலியாள்.

படித்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்காமல் ஒன்றுவிட்ட தம்பி கர்ட்டிடம் மட்டும் சொன்னார்.

கர்ட் அலறினான். "அண்ணே! அப்ப பண்ணைக்காரன் வேற ஆளு. அவன் நிலத்தையும் பேரையும் நம்மாளு சுருட்டிக்கிட்டாரா? நாம திருட்டுப் பரம்பரையா?"

அதுவும் லாயிட் காதுக்கு எட்டிவிட்டது. சனிக்கிழமை காலை அவன் விழாக்குழுவையே கூட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "கல்லுல அந்தப் பேரு இருக்கலாமான்னு கேக்கறாங்க, வெர்னர்."

"இருக்கும்! வாங்க எல்லாரும், பதிவு அலுவலகத்துக்கே போய்ப் பார்ப்போம்" என்று வீராப்பாகக் கிளம்பினார் வெர்னர். வண்டியில் ஆர்டிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பெரியவர் திருடரா இல்லையா? உள்ளதைச் சொல்லும்மா. எதுவா இருந்தாலும் அவர் எங்க ஆளுதான்" என்றார், அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம்.

அவள் நிலப் பதிவேட்டையும் கல்யாணப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். லாயிட் எட்டிப் பார்த்தான். அவள் நிமிர்ந்து சிரித்தாள்.

"திருடவெல்லாம் இல்லீங்க, இருபத்திரண்டு வயசுல குன்ஹில்டுன்னு ஒரு பொண்ணு 1882ல தன்னந்தனியா வந்து நூத்தறுபது ஏக்கர் பிடிச்சு, உங்க நார்வே பாஷையில 'புதுப்பண்ணை'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி அதுக்கு நீகார்டுன்னு பேரும் வச்சிருக்காங்க, உங்க ஹால்வர் அந்தம்மாவுக்கு வாக்கப்பட்டுப் போய் அவங்க பண்ணைப் பேரையே தன் பேரா போட்டுக்கிட்டாரு!"