ஏர்கூலர் தெளித்த தீர்த்தம்

வலியசாலை,
திருவனந்தபுரம்.

சிரஞ்சீவி சாய்க்கு, அத்திம்பேர் அனந்தபத்மநாபன் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் நான்கு ஃபேன்களும் ஒரு கிரைண்டரும் க்ஷேமம். அங்கு நாகர்கோவிலில் உன் க்ஷேமத்தையும், முக்கியமாக உன் அக்கா ஜெயலக்ஷ்மியின் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் தெரிவிக்கவும். அவள் என் போனை எடுப்பதில்லை. அவளுக்குப் பயந்து நீயும் எடுப்பதில்லை. தபாலை யாரும் கட் பண்ண முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஊரார் தூக்கிப் போடுகிற சாமான்களைப் பொறுக்கி வந்து ரிப்பேர் செய்கிற பைத்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லியிருப்பாள். பைத்தியம் இல்லையப்பா, சிக்கனம். பென்ஷனில் புது ஏர்கூலர் வாங்குகிற காரியமா? ஆரியசாலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற வன்னியபெருமாளின் வாசலில், ஏதோ லாட்ஜில் கழித்துக் கட்டின ஏர்கூலர் ஒன்று வெயிலில் கிடந்தது. பாடிக்கு ஒரு குறையும் இல்லை, உள்ளே தண்ணீர் ஏற்றுகிற குட்டிப் பம்ப் மட்டும் போயிருந்தது. நம் பழைய வாஷிங் மெஷினில் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப் பரணில் சும்மாதானே கிடக்கிறது என்று அதைக் கழற்றி, தேய்த்துத் தேய்த்துக் கழுவி (ஆசாரத்தில் நான் குறை வைக்கவில்லை, இதையும் அவளிடம் சொல்), ஏர்கூலருக்குள் பொருத்தினேன். வெள்ளோட்டம் மட்டும் விடவில்லை. மறுநாள் ஆற்றுக்கால் பொங்காலை.

அன்றைக்கு நம் தெரு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். வாசலுக்கு வாசல் செங்கல் அடுப்பு, கும்ப மாச வெயில், கண்ணைக் கரிக்கிற புகை. எல்லார் பானையும் பொங்கியாயிற்று, கோயிலிலிருந்து பூஜை செய்கிற போற்றி வந்து தீர்த்தம் தெளிக்க வேண்டியதுதான் பாக்கி. உன் அக்கா மட்டும் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் அடுப்பு மூட்டினாள். எங்கள் பெண் ஸ்நேகாவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று வேண்டுதல். பாவம், இத்தனை பெண்கள் இப்படி வேகிறார்களே, கொஞ்சம் காற்றாவது வரட்டும் என்று பரோபகாரமாக நினைத்து, மாடியில் ஏர்கூலரைத் தெருவைப் பார்க்க வைத்து ஸ்விட்சைப் போட்டேன். காற்று வந்தது. கூடவே வாஷிங் மெஷின் பம்ப் தன் சுபாவத்தைக் காட்டிவிட்டது. அது தண்ணீரைப் பீறிக்கொண்டு ஃபேன் மேல் அடிக்க, ஃபேன் அதைப் பொடிப் பொடியாக்கித் தெரு முழுக்கத் தெளிக்க, நான் அணைக்க ஓடினால், அந்த ஸ்விட்சும் நான் ரிப்பேர் செய்ததுதான், போடத்தான் வரும், அணைக்க வராது.

பாறசாலையிலிருந்து வந்திருந்த உலகம்மை என்கிற அம்மாள்தான் முதலில் கத்தினாள். “எட்டீ, தீர்த்தம் வந்தாச்சு! இந்த வருசம் மிஷின் வச்சுல்லா தெளிக்காவ!” பிளேனிலிருந்து பூப் போடுகிற திருவிழாவில் மிஷினிலிருந்து தீர்த்தம் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? தெருவே குரவை இட்டது. ஒருத்தி என்னை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டுத் தொலைத்தேன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எல்லோரும் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நிஜமான போற்றி வந்து பார்த்தால் தெருவில் ஆளில்லை. நனைந்து அணைந்த அடுப்பும் அரைவேக்காட்டுப் பானையுமாக உன் அக்கா ஒருத்திதான் நின்றிருந்தாள்.

“எந்தா அம்மே, இவிடெ ஆரும் பொங்காலை இட்டில்லே?” என்று அவர் கேட்டார். அவள் மாடியில் நின்ற என்னைக் கையால் காட்டினாள்.

போற்றி மிச்சத் தீர்த்தத்தையெல்லாம் அவள் பானைக்கே தாராளமாகத் தெளித்துவிட்டுப் போனார். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இவ்வளவு கிடைத்திருக்காது, வேண்டுதல் பலித்தே தீரும். இதை அவளுக்கு எடுத்துச் சொல். நான் சொன்னபோது அவள் கேட்கவில்லை. “ஸ்நேகா பிரசவத்துக்கு வரச்சே இந்தாத்துல ஒண்ணு நான் இருக்கணும், இல்லேன்னா இந்த ஓட்டை உடைசல் இருக்கணும். எதுன்னு யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றாள். உடனே பதில் சொல்லாமல் நான் யோசித்ததுதான் தப்பாகிவிட்டது.

சாய், அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. நான்கு ஃபேனும் சேர்ந்து ஓடியும் வீட்டில் புழுக்கம் போகவில்லை. அடுத்த மாசம் ஸ்நேகா வாயும் வயிறுமாக வந்து இறங்கி, “அம்மா எங்கேப்பா?” என்றால் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்று வன்னியபெருமாளைக் கெஞ்சினேன். “சாமி, இதுல பாதி எங்கிட்ட வாங்கினதாக்கும். ஒருக்கா தலையில கட்டினத நானே திரும்ப வாங்குவனா?” என்று முதலில் முரண்டு பிடித்தவன், கடைசியில் நாளைக் காலை வண்டி அனுப்பச் சம்மதித்தான். இனிமேல் தெருவில் தங்கத்தில் மிக்ஸி கிடந்தாலும் குனிந்து பார்க்க மாட்டேன். பத்மநாப ஸ்வாமி மேல் ஆணை. உன் அக்காவை ரயிலேற்றி அனுப்பி வை.

உன் ஆத்துக்காரி பத்மஜாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் அக்காவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நமஸ்காரம் என்றே சொல்லிவிடு.

இப்படிக்கு,
அனந்தபத்மநாபன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற சமயத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உன் அக்கா. கையில் பை, பைக்குள் உன் மிக்ஸி. “சாய் இதைக் குப்பையில போடப் பார்த்தான். ஸ்விட்சு ஒண்ணுதான் போயிருக்கு, அதுக்காக யாராவது எறிவாளோ? மனசு கேக்கலை, எடுத்துண்டு வந்துட்டேன். ஸ்நேகாவுக்குப் பிரசவ மருந்து பொடிக்க ஆகும், உக்காந்து பாருங்கோ” என்றாள். கோபம் போயிற்றா என்று நான் கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை அவளே எடுத்துக் கொடுத்தாள். வன்னியபெருமாளிடம் வண்டி வேண்டாமென்று சொல்லியாயிற்று. ஆகவே மேலே எழுதினது எதுவும் இனி உனக்கு உபயோகமில்லை. இருந்தாலும் இவ்வளவு எழுதின கடிதத்தைத் தூக்கிப் போட மனசு வராததால் அனுப்புகிறேன். பெரிய ஜாரின் மூடி உன் வீட்டிலேயே தங்கிவிட்டதாம். எறிந்துவிடாதே.