வெந்நீர் சுடாத பாதங்கள்

அனல் மகான் வந்தாலும் வந்தார், மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கின் வாசலில் நிற்க இடமில்லை. ஆவி பறக்கும் வெந்நீர் அண்டாவில் பக்தர் கால் வைப்பார். முகம் சுளிக்க மாட்டார். "அற்புதம்!" என்று கூட்டம் அலறும். சூடு தாங்காமல் கத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் பாவிகள்! எவ்வளவு வசதியான சாஸ்திரம் பாருங்கள். பந்தல் உபயம், கிடங்கு முதலாளி.

அந்த ஊர்த் தையல்காரி ஒருத்தியின் கணவர் அங்கே ஐஸ் தண்ணீரில் நின்று மீன் கழுவுகிறவர். ஒழுகும் பூட்ஸுக்குள் கால் எப்போதும் ஈரம். சில வருடமாகப் பாதம் மரத்துக் கிடக்கிறது. படுத்தால் நெருப்பாய் எரிகிறது. லேசாகக் குளிர் பட்டாலே விரல்கள் வெளுக்கின்றன. அண்டாவில் அருள் குளியல் முடித்து வந்தவரின் காலைப் பார்த்துத் தையல்காரி திடுக்கிட்டாள். பாதமெங்கும் கொப்புளம்.

"என்னங்க, வெந்து போயிருக்கு! வலிக்கலையா?"

"அதான் அருள்!" என்றார், பெருமை பொங்க.

அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"கால் உறைஞ்சுதான் கெடணும்னு இல்லைங்க," என்றார் டாக்டர். "ஈரத்தோட குளிர்ல நின்னுட்டே இருந்தா நரம்பும் ரத்த ஓட்டமும் கெட்டுரும். வேலையை விட்டாலும் வருசக்கணக்கா படுத்தும். சூடு தெரியாத காலை வெந்நீர்ல வைக்கலாமா?"

அங்கிருந்து நேரே பந்தலுக்குப் போனாள். அங்கே பார்த்தால், ஐஸ் தண்ணீரில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் புண்ணியவான்கள். கால் நனையாத கணக்குப்பிள்ளையும் லாரி டிரைவரும் பாவிகள். அடடா!

"மகானே, மரத்த காலுக்குத்தான் சுடலை. இது அருள்னா உங்களுக்கும் சுடக் கூடாதே. ஒரு தடவை காலை வைங்க."

"என் பாதம் பொது அண்டாவில் படலாகாது!"

பக்தர்கள் விடுவார்களா? இப்படியொரு பாக்கியம் மறுபடி கிடைக்குமா? மகானை அன்போடு அலாக்காகத் தூக்கி அண்டாவில் இறக்கினார்கள்.

"ஐயோ அம்மா! செத்தேன்!" மகான் துள்ளி வெளியே விழுந்தார்.

"மகானே பாவியா?" என்றார் ஒரு பக்தர், மிகுந்த கவலையோடு.

"அடப்பாவிகளா! உங்க காலுக்கு உணர்ச்சி கிடையாதுன்னு முதலாளிதான்யா சொன்னாரு! புது பூட்ஸ் வாங்குறதைவிட நான் மலிவாம்!"

கூட்டம் முதலாளியின் அறைப்பக்கம் திரும்பியது. பூட்ஸ் வந்தது. தையல்காரியின் கணவருக்குக் கொப்புளம் ஆறியது. மரப்பு மட்டும் இன்னும் போகவில்லை. வேலைக்குக் கிளம்பும்முன் அவர் பாதத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறாள்.

கால் மரத்தால் பார்க்க டாக்டர் இருக்கிறார், ஐயா. மூளை மரத்தால்? அதை அவரவர்தான் அவ்வப்போது கிள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.